முகம் பார்க்காமல் ஒரு கையெழுத்து

அறுபத்தொரு வயதில் என்னை நங்கி என்று கூப்பிட ஒருவர் வந்து சேர்ந்தார். சிங்களத்தில் தங்கச்சி என்று அர்த்தம். அவருக்கு எழுபது வயது. பொலிஸில் சார்ஜனாக இருந்து பென்ஷன் எடுத்தவர். கொழும்பில், வெள்ளவத்தையில் கடலுக்கு இறங்கும் ஓர் ஒழுங்கையில் நான் வாடகைக்கு இருந்த மாடிக்குப் பக்கத்து வீடு அவருடையது. தொண்ணூறுகளின் நடுப்பகுதி, சண்டை உச்சத்தில் இருந்த காலம். யாழ்ப்பாணத்துக்காரியான ஒரு விதவையும் ஒரு சிங்களப் பொலிஸ்காரரும் சிநேகிதமாவதற்கு அதைவிட மோசமான காலத்தைத் தேடினாலும் கிடைத்திராது.

முதல் ஒரு வருடம் சிநேகிதமாவது மண்ணாவது. நான் மாடியில் உடுப்புக் காயப்போட்டால் தண்ணீர் தன் மதிலில் சொட்டுகிறது என்று வீட்டுக்காரரிடம் முறைப்பாடு செய்தார். அடுத்த நாளிலிருந்து நான் பிழியாமலே காயப்போட்டேன். முப்பத்திரண்டு வருடம் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வேலை செய்தவள் நான். மூன்று மொழியிலும் வாய் காட்டத் தெரியும். மேலே நின்று சிங்களத்தில் ஏசினேன். அவர் கீழே நின்று யாழ்ப்பாணத் தமிழில் பதில் சொன்னார். இள வயதில் ஊர்காவற்றுறையிலும் சாவகச்சேரியிலும் வேலை பார்த்தவராம். அவர் தமிழ் பேசினால் வினைச்சொல் எல்லாம் தடுக்கி விழும், மரியாதை மட்டும் விழாது. அதுதான் எனக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.

எங்களைச் சேர்த்து வைத்தது சீட்டு. என் கணவர் இருந்த காலத்தில் ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் வீட்டில் முந்நூற்றிநாலு விளையாடுவார்கள். நாலாவது கைக்கு ஆள் வராத நாட்களில் என்னைக் கூப்பிடுவார்கள். நான் வெல்லத் தொடங்கியதும் கூப்பிடுவதை நிறுத்திவிட்டார்கள். அதே விளையாட்டைச் சிங்களவர்களும் விளையாடுவார்கள். ஒரு நாள் பின்னேரம் உடுப்பு எடுக்கப் போனபோது, அந்த மனிதர் தன் விறாந்தையில் தனியே இருந்து நாலு கைக்கும் சீட்டுப் போட்டு, நாலு பேருக்காகவும் தானே ஆடிக்கொண்டிருந்தார். மனைவி இறந்துவிட்டார், மகன் இரத்மலானையில். வேறு யார்தான் ஆட வருவார்கள்? மேலிருந்து எனக்கு நாலு கையும் தெரிந்தன. அந்த விளையாட்டில் ஜாக்தான் பெரிது, ஒன்பது அதற்கு அடுத்தது. அவர் ஒன்பதை இறக்கப் போனார். என்னால் பொறுக்க முடியவில்லை.

“ஒன்பதை விடாதேங்கோ! ஜாக் இன்னும் இறங்கேல்லை!”

அவர் அண்ணாந்து பார்த்தார். ஒரு வருடமாக மதிலுக்காகச் சண்டை பிடித்த மனிதர், சீட்டை மேசையில் கவிழ்த்து வைத்துவிட்டு, “அப்ப இறங்கி வாங்க, பாப்பம்” என்றார்.

இறங்கிப் போனேன். ஏன் போனேன் என்று இன்றைக்கும் தெரியாது. அன்றைக்கு நாலு ஆட்டத்தில் மூன்றை நான் வென்றேன். அதற்குப் பிறகு தினமும் நாலு மணிக்கு நான் அங்கே இருப்பேன். அவர் தமிழ்ச் சாவுகளை எண்ணாத சிங்களப் பேப்பர் வாசிப்பார், நான் சிங்களச் சாவுகளை எண்ணாத தமிழ்ப் பேப்பர் வாசிப்பேன். இரண்டையும் மடித்துக் கதிரைக்கு அடியில் வைத்துவிட்டுத்தான் சீட்டைக் கலைப்போம். நான் அவரை ரால்ஹாமி என்று கூப்பிடுவேன். பொலிஸ்காரரை மரியாதையாகக் கூப்பிடும் சொல் அது. ஒழுங்கையில் ஆட்கள் முணுமுணுத்தார்கள். லண்டனிலிருந்து மகள் போன் எடுத்து, “அம்மா, சனம் என்ன கதைக்குது தெரியுமோ?” என்றாள். “சனத்துக்கு முந்நூற்றிநாலு விளையாடத் தெரிஞ்சால் அங்கை போறன்” என்றேன். அந்த ஏழெட்டு மாதங்கள் நான் சந்தோஷமாக இருந்தேன். கணவர் போன பிறகு அப்படி இருந்ததில்லை.

அதை நானே கெடுத்தேன்.

கொழும்பில் எங்கேயாவது குண்டு வெடித்தால் விடிவதற்குள் ஒழுங்கையில் லொறி வந்து நிற்கும். அடையாள அட்டை பார்ப்பார்கள். வீட்டில் இருப்பவர்களின் பெயரெல்லாம் எழுதி ஸ்டேஷனில் பதிந்த தாளைப் பார்ப்பார்கள். எல்லாம் சரியாக இருந்தாலும், பிறந்த இடம் வடக்கு என்று இருந்தால் இளம் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு போவார்கள். அப்படித்தான் என் தங்கையின் மகனைக் கொண்டு போனார்கள். கனடாவுக்குப் போகக் காத்திருந்தவன். நான் அழுதுகொண்டு ரால்ஹாமியின் வீட்டுக்கு ஓடினேன். அவர் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. சேர்ட்டை மாற்றிக்கொண்டு என்னோடு வந்தார். ஸ்டேஷனில் பெரிய கதிரையில் இருந்தவர் ஒரு காலத்தில் இவருக்குக் கீழே கான்ஸ்டபிளாக வேலை செய்தவர். இவரைக் கண்டதும் எழும்பினார். இவனை எனக்குத் தெரியும், இவனுக்கு நான் பொறுப்பு என்று ரால்ஹாமி சிங்களத்தில் ஒரு தாளில் எழுதிக் கையெழுத்து வைத்தார். மத்தியானம் பையன் வீட்டில் சோறு தின்றுகொண்டிருந்தான்.

நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். ஒழுங்கை முழுக்கச் சொன்னேன்.

பிறகு கேட்க வேண்டுமா? கதவில் தட்டத் தொடங்கினார்கள். கலியாண வீட்டுக்கு என்னைக் கூப்பிடாத சனம், காலை எழும்பிப் பார்க்கக்கூடாத முகம் என்று ஒதுங்கிப் போன சனம், கறுத்தக்கொழும்பான் மாம்பழமும் பனங்கட்டியும் கொண்டு வாசலில் நின்றது. அக்கா, அன்ரி, மாமி. எல்லாருக்கும் நான் ஒரே நாளில் உறவாகிவிட்டேன். எனக்கு அது பிடித்திருந்தது. பிடிக்கவில்லை என்று இப்போது சொன்னால் பொய். யாருக்கு உதவுவது, யாரைக் காக்க வைப்பது என்று என் கதிரையில் இருந்து நான் தீர்மானித்தேன். ஒப்பம் வைப்பது அவர், பெயர் எடுத்தது நான்.

ரால்ஹாமிக்கு ஒரு சட்டம் இருந்தது. கையெழுத்து வைப்பதற்கு முன் அந்த ஆளைத் தன் கண்ணால் பார்க்க வேண்டும். பிடிபட்டவன் என்றால் ஸ்டேஷனில் போய்ப் பார்ப்பார். வெளியே இருப்பவன் என்றால் விறாந்தையில் இருத்தித் தேத்தண்ணி கொடுத்து, கொஞ்சம் கதைத்துப் பார்ப்பார். “முகம் பாக்கணும் நங்கி. முப்பத்தாறு வருஷம் முகம் பாத்து வேல செய்தது” என்பார்.

எனக்கும் ஒரு சட்டம் இருந்தது. அது எங்கள் ஆட்கள் எல்லாரிடமும் உள்ளதுதான். எந்த ஊர்? ஊரில் எந்தப் பக்கம்? ஆருடைய பேரன்? இந்த மூன்றுக்கும் பதில் சரியென்றால் ஆள் சரி. சரியில்லை என்றால் ஆயிரம் தாள் காட்டினாலும் எங்களுக்கு நம்பிக்கை வராது.

கொழும்புத் துறைமுகத்தடியில் உள்ள கொட்டாஞ்சேனையிலிருந்து ஒரு பெண் வந்தாள். கத்தோலிக்கப் பிள்ளை. கணவன் ஹாபரில் மூட்டை இறக்குகிறவன். வேலையால் வரும் வழியில் பிடித்துவிட்டார்கள். என் முதல் கேள்வியைக் கேட்டேன்.

“கொட்டாஞ்சேனதான் அக்கா.”

“அதுக்கு முதல் எந்த ஊர்?”

“அதுக்கு முன்னாடியும் கொட்டாஞ்சேனதான். எங்க அப்பாவும் அங்கதான் பொறந்தாரு.”

என் சட்டத்தில் அதற்கு இடமில்லை. நாளைக்கு வா என்றேன். நாளைக்கு வந்தாள், நாளையின்றைக்கு வா என்றேன். குடிக்கத் தண்ணீர் கேட்டாள், வேலைக்காரிக்கு வைத்திருந்த தகரப் பேணியில் கொடுத்தேன். மூன்றாம் நாள்தான் ரால்ஹாமியிடம் கூட்டிக்கொண்டு போனேன். மூன்று நாள் என்று கேட்டதும் அவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். உடனே ஸ்டேஷனுக்கு நடந்தார். அன்று பின்னேரமே கணவன் வெளியே வந்தான்.

இப்படியே இரண்டு வருடம் போனது. சீட்டாட்டம் வாரத்துக்கு ஒன்றாகி, பிறகு அதுவும் இல்லை என்றானது. நான் அங்கே போனால் பின்னால் யாராவது அழுதுகொண்டு வருவார்கள். அவர் ஒரு முறை, “நங்கி, இண்டைக்கு ஒரு ஆட்டம் போடுவமா?” என்று கேட்டார். வெளியே ஆள் நிற்கிறது ரால்ஹாமி என்றேன். சரி என்று பேனையை எடுத்தார்.

அந்தச் சமயத்தில்தான் அந்தப் பையன் வந்தான். கொட்டாஞ்சேனையில் ஒரு லொட்ஜில் இருந்தவன். லொட்ஜுகளில் இருப்பவர்களை எந்த நேரமும் அள்ளிக்கொண்டு போனார்கள். அதனால் எங்கள் ஒழுங்கையில் அறை பார்த்திருந்தான். பொலிஸில் பதிவதற்கு ஊரறிந்த ஒருவரின் கடிதம் வேண்டும் என்று அறைக்காரர் சொல்லியிருந்தார். என் மூன்று கேள்விகளையும் கேட்டேன். என் கணவரின் ஊர். கோயிலடிப் பக்கம். பேரனார், அதாவது அவனுடைய தாத்தா, யார் என்று சொன்னதும் நான் கதிரையை விட்டு எழும்பிவிட்டேன். எங்கள் கலியாணத்துக்கு நாதஸ்வரக் கோஷ்டி பிடித்துத் தந்தவரே அவர்தான். “எட, நீ எங்கடை பிள்ளையல்லோ!” என்றேன். தோசை சுட்டுக் கொடுத்தேன்.

ரால்ஹாமி அந்தக் கிழமை காய்ச்சலில் படுத்திருந்தார். கடிதத்தை நானே சிங்களத்தில் எழுதிக் கொண்டுபோனேன். இவரை எனக்கு ஆறு மாதமாகத் தெரியும் என்று அதில் இருந்தது.

“பையன் வரட்டும் நங்கி. ரெண்டு நாளில நான் எழும்புறது.”

“நான் எல்லாம் விசாரிச்சிட்டன் ரால்ஹாமி. அவன்ரை பேரனாரை எனக்குத் தெரியும். நான் பாத்தது காணாதோ?”

அவர் என்னைப் பார்த்தார். காய்ச்சல் கண்கள். “உங்களுக்குத் தெரியுமெண்டா சரி” என்று தலையணையில் சாய்ந்தபடியே கையெழுத்து வைத்தார்.

ஐந்து வாரத்தில் பையனைக் காணவில்லை. அறையில் உடுத்திப் பழசான ஒரு சாரமும் சவர்க்காரத் துண்டும் கிடந்தன. அந்த நாட்களில் பதிந்த வீட்டில் ஆள் இல்லையென்றால் பொலிஸுக்கு அதற்கு ஒரே அர்த்தம்தான், ஆள் புலி. காலை பத்து மணிக்கு ஜீப் வந்தது. நான் மாடியில் உடுப்புக் காயப்போட்டுக்கொண்டிருந்தேன். ரால்ஹாமி மருந்துப் போத்தலை ஒரு பையில் போட்டுக்கொண்டு ஏறினார். என்னை அண்ணாந்து பார்க்கவில்லை. பார்த்திருந்தால் நானும் மாட்டியிருப்பேன் என்பது அவருக்குத் தெரியும். எனக்கும் தெரியும். ஈரச் சேலைக்குப் பின்னால் ஒதுங்கி நின்றேன்.

ஸ்டேஷனில் பெரிய கதிரைக்காரர் மாற்றலாகிப் போயிருந்தார். புதியவருக்கு இவரைத் தெரியாது. தெரிந்ததெல்லாம் அந்தக் கடிதமும், இரண்டு வருடமாகத் தமிழர்களுக்காக வைத்த மற்றக் கையெழுத்துகளும்தான்.

நான் ஸ்டேஷனுக்குப் போய், கடிதத்தை எழுதியது நான், அந்த மனிதர் பையனைக் கண்ணாலும் கண்டதில்லை என்று சொல்லியிருக்க வேண்டும். பத்து நிமிட நடை. நான் போகவில்லை. லண்டன் விசாவுக்கு விண்ணப்பித்திருந்தேன், அதற்குப் பொலிஸ் நற்சான்று வேண்டும், அது அந்த ஸ்டேஷன் வழியாகத்தான் வர வேண்டும். பேரப்பிள்ளையை நான் இன்னும் பார்க்கவில்லை. இவையெல்லாம் காரணங்கள்தான். பயம் என்று ஒரு சொல்லில் சொன்னாலும் போதும்.

அதற்குப் பதிலாக ஒரு கெட்டித்தனம் செய்தேன். எல்லாருமாகக் கையெழுத்து வைத்து ஒரு மகஜர் கொடுப்போம் என்று நினைத்தேன். இவர் நல்ல மனிதர், மனிதாபிமானத்தால்தான் எங்களுக்கு உதவினார் என்று சிங்களத்தில் எழுதினேன். அதை எடுத்துக்கொண்டு வீடு வீடாக ஏறினேன்.

முதலில் தங்கையின் மகனிடம். “பெரியம்மா, எனக்கு அடுத்த மாதம் இன்ரவியூ. இப்ப பேர் குடுத்தால் ஃபைலிலை ஏறும்” என்றான். மாம்பழம் கொண்டு வந்த அம்மா கதவைப் பாதி திறந்து, “பொலிஸ்காரனைப் பொலிஸ் பாத்துக்கொள்ளும், நாங்கள் ஏன் தலையைக் குடுப்பான்?” என்றார். இன்னொரு வீட்டில் தேத்தண்ணி தந்தார்கள், கண்ணாடியைத் தேடினார்கள், கண்ணாடி கிடைக்கவேயில்லை. நான்காவது வீட்டில் அப்படி ஒருவரைத் தங்களுக்குத் தெரியாது என்றார்கள். அந்த வீட்டுப் பிள்ளைக்காக அவர் மழையில் நனைந்துகொண்டு ஸ்டேஷன் வாசலில் நின்றது எனக்குத் தெரியும், ஏனென்றால் குடை பிடித்தது நான். எல்லா வீட்டிலும் எனக்குக் கோபம் வந்தது. நன்றிகெட்ட சனம் என்று வாய்விட்டே ஏசினேன். ஆனால் தாளின் முதல் வரியை வெறுமையாக விட்டு வைத்திருந்தேன். அது என் வரி. நான் முதலில் போட்டிருந்தால் இரண்டு பேராவது பின்னால் வந்திருப்பார்கள்.

கடைசியில் பஸ் ஏறிக் கொட்டாஞ்சேனைக்குப் போனேன். அந்தப் பெண் ஹாபரைப் பார்த்த, தோட்டம் என்று கொழும்பில் சொல்லும் ஓர் ஏழைக் குடியிருப்பில், ஒட்டி ஒட்டி இருக்கும் வீடுகளில் ஒன்றில் இருந்தாள். நான் சொல்லி முடிக்க முன்னரே பேனையைக் கேட்டாள். பெயர், விலாசம், அடையாள அட்டை எண், எல்லாம் பெரிய எழுத்தில் எழுதினாள். ஆற அமர எழுதிவிட்டுத் தாளைத் திருப்பிப் பார்த்தாள்.

“ஒங்க பேரு எங்கக்கா?”

“நான் கடைசியாய்ப் போடுவன்.”

“சரிக்கா” என்றாள். புரிந்துகொண்டாள் என்றுதான் நினைக்கிறேன். அவள் கொடுத்த தண்ணீரை அவளுடைய நல்ல கிளாஸில் குடித்துவிட்டு வந்தேன்.

ஒற்றைக் கையெழுத்தோடு மகஜர் கொடுத்தால் அவளுக்குத்தான் ஆபத்து என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். நல்ல சாட்டு. இரண்டாவது கையெழுத்துக்கு ஆள் இல்லாமலா போனது? தாளை அலுமாரியில் சேலைகளுக்கு அடியில் வைத்தேன்.

பன்னிரண்டாம் நாள் விட்டார்கள். மகன் வந்து சாமான்களைக் கட்டினான். அப்பாவை இரத்மலானைக்குக் கூட்டிப் போவதாகச் சொன்னான். அடிக்கவில்லையாம். ஒரு நீள மர வாங்கில் இருத்தி வைத்து, பன்னிரண்டு நாளும் ஒரே கேள்வி கேட்டார்களாம். இந்தக் கடிதத்தை எழுதித் தந்தது யார்? அதில் இருப்பது அவருடைய எழுத்தில்லை என்று அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. “அப்பா கடைசி வரைக்கும் தானே எழுதியது என்றுதான் சொன்னார்” என்று மகன் சிங்களத்தில் சொன்னான். என் முகத்தைப் பார்க்காமல் சொன்னான். ரால்ஹாமி முச்சக்கர வண்டியில் முன்னரே ஏறி இருந்தார். நான் மதிலுக்கு இந்தப் பக்கம் நின்றேன், போய்ப் பேசவில்லை.

நாலு மாதத்துக்குப் பிறகு போன் வந்தது. “அன்ரி, நான் சுவிசுக்கு வந்து சேர்ந்திட்டன். ஏஜென்சிக்காரன் திடீரெண்டு ஏத்திப்போட்டான், சொல்ல நேரமில்லை. அந்தச் சிங்கள ஐயாவுக்கும் ஒரு தாங்ஸ் சொல்லிவிடுங்கோ.” சண்டையுமில்லை, ஒரு மண்ணுமில்லை. எங்கள் பிள்ளைகள் எல்லாரையும் போல ஒரு குளிர் நாட்டுக்கு ஓடியிருக்கிறான். அவன் எனக்குப் பொய் சொல்லவில்லை. ஊரும் பேரனாரும் எல்லாம் உண்மைதான். அவன் நாளைக்கு என்ன செய்வான் என்று நான் கேட்கவில்லை, அவ்வளவுதான். என் விசாவும் அதே மாதம் மறுக்கப்பட்டது. அந்த நற்சான்றைப் பத்திரமாகக் காப்பாற்றியதற்குக் கிடைத்த பலன் அது.

அந்தப் போன் வந்த பிறகுதான் எனக்குத் துணிவு வந்தது. நீங்கள் கெட்டவனுக்குக் கையெழுத்து வைக்கவில்லை ரால்ஹாமி என்று சொல்லலாம். எல்லாம் என் பிழை, என்னை மன்னியுங்கள் என்று சொல்லலாம். பஸ்ஸில் சொற்களை அடுக்கிக்கொண்டே இரத்மலானைக்குப் போனேன். பின்னேரம் மூன்று மணி. மகனின் வீட்டு முற்றத்தில் கதிரை போட்டு இருந்தார். மெலிந்திருந்தார். கேற்றில் என்னைக் கண்டதும் இரண்டு கையையும் ஊன்றி எழும்பினார்.

“நங்கி! ஆரப் பிடிச்சது? ஆருட பிள்ளை?”

“ஒருத்தரையுமில்லை ரால்ஹாமி. உங்களைப் பாக்கத்தான் வந்தனான்.”

அவர் என் தோளுக்கு மேலால் ஒழுங்கையை எட்டிப் பார்த்தார். பின்னால் யாரும் அழுதுகொண்டு நிற்கிறார்களா என்று தேடினார். ஒருவரும் இல்லை. பிறகு என்னை இருக்கச் சொன்னார். பையன் சுவிசில் இருக்கிறான் என்று சொன்னேன். “ஆ, தப்பிட்டான். நல்லது, நல்லது” என்று உண்மையாகவே சந்தோஷப்பட்டார். அது அவர் காத்திருந்த செய்தி இல்லை. நான் அடுக்கி வைத்திருந்ததை எடுக்க வாய் திறந்தேன். அவர் கையைக் காட்டி நிறுத்தினார்.

“வெக்கப்பட வேணாம், சொல்லுங்க. அவ்வளவு தூரம் பஸ்ஸில வந்தது சும்மாவா?”

“சத்தியமாய் சும்மாதான் ரால்ஹாமி.”

அவர் நம்பவில்லை. என் முகத்தை வெகுநேரம் பார்த்தார், பார்த்தும் நம்பவில்லை. இரண்டு வருடமாக நான் வேறு எதற்கு அவருடைய வாசலுக்குப் போயிருக்கிறேன்? கடைசியில் தலையைக் குனிந்துகொண்டு, சிறு பிள்ளையிடம் சொல்வது போலத் தணிந்த குரலில் சொன்னார்.

“இப்ப என்ட சொல்லை அங்க ஆரும் எடுக்கிறதில்ல நங்கி. நீங்க ஆருக்காக வந்ததோ, அந்தப் பிள்ளையிட அம்மாக்குச் சொல்லுங்க. கோவிக்க வேணாம்.”

நான் கேட்கப் போன மன்னிப்பை அவர் என்னிடம் கேட்டுவிட்டார். நான் அடுக்கிக்கொண்டு போன சொற்களை அப்படியே தூக்கிக்கொண்டு எழும்பி, பஸ் ஏறி வந்துவிட்டேன்.